முயலைக் குளிப்பாட்டுவதா, அதன் கிண்ணத்தை மாற்றுவதா?

முயல் வளர்க்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று தீவனம்: உலர்புல்லா, பெல்லட் எனப்படும் அழுத்திச் செய்த குருணைத் தீவனமா, கீரையா? இன்னொன்று சுத்தம்: குளிப்பாட்டலாமா, கழிவுத் தட்டில் எதைப் பரப்புவது, வாடை போக என்ன வழி? இரண்டையும் தனித்தனியாகவே கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் முதல் முயல் சாம்பல் நிறம். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். காலையும் மாலையும் கிண்ணம் நிறையப் பெல்லட் போடுவேன். ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடும். நன்றாகச் சாப்பிடுகிறதே என்று எனக்குச் சந்தோஷம். அப்புறம் ஒரு நாள் தூக்கும்போது கையில் பிசுக்கென்று ஒட்டியது. வாலுக்கு அடியில் முடி கறுப்பாகத் திரண்டு, பாதி ஈரமும் பாதி காய்ந்த கட்டியுமாக இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கிக் கழுவினேன். அது துள்ளவே இல்லை. கண்ணை அகல விழித்தபடி அப்படியே நின்றது. பிடித்திருக்கிறது போல என்று எண்ணிக்கொண்டேன். பயத்தில் உறைந்துபோய் நின்றது என்று அன்று எனக்குத் தெரியாது. துண்டு மாற்றித் துண்டு துடைத்தும், இரண்டு மணி நேரம் கழித்துக்கூட வயிற்றுப் பக்கத்து அடிமுடி ஈரமாகவே இருந்தது; காது இரண்டும் சில்லிட்டுப் போயிருந்தன. அடுத்த வாரம் மறுபடியும் அதே கட்டி. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "கிண்ணத்துல என்ன போடுறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். தீவனத்தை மாற்ற ஆரம்பித்த மூன்றாவது வாரம் கட்டி வருவது நின்றது. அதற்குப் பிறகு அந்த முயலை நான் தண்ணீரில் இறக்கியதே இல்லை.

அதனால் இந்த ஒப்பீட்டில் தீவனத்தை முதலில் வைத்திருக்கிறேன். அது சரியாக அமைந்துவிட்டால் சுத்தம் பற்றிய கேள்விகளில் பாதி எழவே எழாது.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதலில் பல். முயலின் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளரும். கடைவாய்ப் பற்களும் சேர்ந்தே வளரும். தீவனம் அவற்றைத் தேய்த்தாக வேண்டும். தேயாவிட்டால் கடைவாய்ப் பல்லின் ஓரம் முள்போல நீண்டு நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வெளியே பார்த்தால் முன்பல் ஒழுங்காகவே தெரியும். உள்ளே முயல் வலியோடு மென்றுகொண்டிருக்கும்.

அடுத்து குடல். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னோக்கி நகர்ந்தே ஆக வேண்டும், அதை நகர்த்துவது நார். நார் குறைந்தால் குடல் மந்தமாகும். சில சமயம் நின்றே போகும்.

மூன்றாவது, புழுக்கை. முயல் இரண்டு வகையாகப் போடும். நாம் தட்டில் காண்பது உருண்டையான, காய்ந்த, வாடையில்லாத புழுக்கை. மற்றது சின்னத் திராட்சைக் கொத்துப் போல மினுமினுப்பாக, மென்மையாக இருக்கும். சீக்கம் என்ற பெரிய குடல்பையில் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து உண்டாக்குவது அது. அதில் புரதமும் பி வைட்டமின்களும் இருப்பதால், வெளியே வரும்போதே முயல் குனிந்து வாயால் எடுத்துத் தின்றுவிடும். நல்ல உடல்நிலையில் இருக்கும் முயலிடம் இது நம் கண்ணில் படுவது அபூர்வம். அடிக்கடி படுகிறது, அல்லது முடியில் நசுங்கி ஒட்டுகிறது என்றால் காரணங்கள் சில உண்டு: தீவனத்தில் மாவும் சர்க்கரையும் கூடிவிட்டன, அல்லது உடம்பு பருத்துக் குனிய முடியவில்லை, அல்லது பல்லிலோ முதுகிலோ வலி. நான் அன்று கழுவியது இந்தத் திராட்சைக் கொத்தைத்தான்.

நான்காவது கால்சியம். பெரும்பாலான விலங்குகள் தேவையான அளவு கால்சியத்தை மட்டும் குடலில் உறிஞ்சிக்கொள்ளும். முயல் கிடைப்பதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். முயலின் சிறுநீர் கலங்கலாக இருப்பது அதனால்தான். ஓரளவு கலங்கல் இயல்பு. ஆனால் கால்சியம் அதிகமான தீவனமும் குறைந்த தண்ணீரும் சேர்ந்தால் சிறுநீர்ப்பையில் ஈர மணல்போல வண்டல் தங்கும், கல்லும் உண்டாகலாம்.

கடைசியில் உங்கள் பக்கம்: தினம் எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும், சேமிக்க இடம் உண்டா, தூசி ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருக்கிறாரா. இதையும் கணக்கில் எடுக்காமல் செய்த முடிவு மூன்று வாரம்கூடத் தாங்காது.

## தீவனம் 1: உலர்புல் முதன்மையாக

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உலர்புல் வேறு, வைக்கோல் வேறு. வைக்கோல் என்பது கதிர் அறுத்த பிறகு மிஞ்சும் தாள். அதில் சத்து மிகக் குறைவு. படுக்கையாகப் போடலாம், சாப்பாடாகக் கணக்கில் வைக்க முடியாது. உலர்புல் என்பது புல்லையே பருவத்தில் அறுத்து, பச்சை வாசனை போகாமல் காயவைத்தது. திமோத்தி, ஆர்ச்சர்ட், அறுகம்புல், புல்வெளிக் கலவை எல்லாம் இந்த வகை.

நான்கு அளவுகோல்களிலும் இதுவே முன்னால் நிற்கிறது. நீண்ட இழையை முயல் தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி அரைக்கும். அருகில் உட்கார்ந்து கேட்டால் ஒரே சீராகக் கறுக் கறுக் என்று சத்தம் வரும். ஒரு நீள இழை ஓரமாக உள்ளே இழுபட்டு மறைவதைப் பார்க்கலாம். அந்தப் பக்கவாட்டு அசைவுதான் கடைவாய்ப் பல்லைத் தேய்க்கிறது. நார் அதிகம், மாவு குறைவு, புல்வகையில் கால்சியமும் மிதம். வளர்ந்த முயலின் சாப்பாட்டில் 80 சதவீதத்துக்கு மேல் இதுவாக இருக்கலாம். அளவு பார்க்க வேண்டியதில்லை; முயலின் உடம்பு அளவுக்கு ஒரு குவியல் தினமும் புதிதாக வைத்து, தீரத் தீர நிரப்பினால் போதும்.

மறைவான செலவும் உண்டு. இடம் அடைக்கும். தரையெங்கும் இழை சிதறும். பெருக்கி முடித்த பத்தாவது நிமிடம் மறுபடியும் கிடக்கும். தூசி நிறைந்த உலர்புல் முயலுக்கும் தும்மலை வரவழைக்கும், நமக்கும் வரவழைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். துணிப்பையோ, துளையுள்ள அட்டைப்பெட்டியோ நல்லது. வாங்கியதும் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். புல்வெளி வாசனை வந்தால் சரி. புழுக்க நாற்றம் வந்தாலோ, உதறும்போது வெள்ளைத் தூசி பறந்தாலோ அதை முயலுக்கு வைக்காதீர்கள்.

குதிரைமசாலை உலர்த்தியதும் கடையில் உலர்புல் என்றே கிடைக்கும். அது பயறு வகைச் செடி. புரதமும் கால்சியமும் அதிகம். ஏழு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், மெலிந்துபோன முயலுக்கும் அருமையான தீவனம். வளர்ந்த முயலுக்கு அதையே தினமும் போட்டால் சிறுநீர்ப்பைதான் அவதிப்படும். "உலர்புல்தானே போடுகிறேன், ஏன் சிறுநீர் சுண்ணாம்புபோல இருக்கிறது?" என்று கேட்டவர்களில் சிலர் போட்டுக்கொண்டிருந்தது குதிரைமசால்தான்.

## தீவனம் 2: பெல்லட் முதன்மையாக

இதன் கவர்ச்சி எனக்கு நன்றாகவே புரிகிறது. சிந்தாது, சிதறாது, ஒரு கிண்ணத்தில் முடிந்துவிடும். எல்லா வைட்டமினும் தாதும் அளந்து சேர்த்திருக்கும். முயலும் ஆசையாக ஓடிவரும்.

ஆனால் சிக்கல் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. பெல்லட்டை முயல் நறுக்கென்று நொறுக்கி விழுங்கிவிடும். பக்கவாட்டில் அரைக்க வேண்டிய வேலையே இல்லை. அரை நாள் மென்றுகொண்டிருக்க வேண்டிய விலங்கு பத்து நிமிடத்தில் சாப்பாட்டை முடித்துவிட்டு மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும், இல்லாவிட்டால் மரச்சாமானைக் கடிக்கும். உடம்பு பருக்கும். பருத்த முயலால் பின்பக்கத்தை எட்ட முடியாது. மென்புழுக்கை முடியில் நசுங்கும். அந்த வாடைக்கு ஈ வரும். சுத்தத்துக்கு நீங்கள் செலவிடும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பெல்லட் மிச்சப்படுத்திய நேரத்தை அது விழுங்கிவிட்டிருக்கும்.

முழுக்கத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் என்பது மேல்வரம்பு. மேசைக்கரண்டியால் உத்தேசமாகப் போடாமல் ஒரு தடவை தராசில் நிறுத்துப் பாருங்கள். கண் மதிப்பு எப்போதும் கூடத்தான் போகும். பையின் மேல் நார் 18 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பெரிய பையாக வாங்கி மாதக்கணக்கில் வைத்தால் வைட்டமின்கள் குறையும்.

பெல்லட் கூடுதலாகத் தேவைப்படும் முயல்களும் உண்டு. வளரும் குட்டி, சினை முயல், பால் கொடுக்கும் தாய், எடை குறைந்துவிட்ட முதிய முயல், கடைவாய்ப் பல் பழுதாகி நீள இழையை மெல்ல முடியாதது. கடைசியில் சொன்ன முயலுக்குப் பெல்லட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்துக் கொடுக்கலாம். உலர்புல்லைப் பொடியாக நறுக்கி அதோடு சேர்க்கலாம்.

வண்ண வண்ணமாகத் தானியம், உலர்பழம், செதில் எல்லாம் கலந்து வரும் தீவனத்தை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. முயல் இனிப்பான துண்டுகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு நாருள்ளதை விட்டுவிடும். வாங்க வேண்டாம்.

## தீவனம் 3: பச்சைப்புல்லும் கீரையும்

காட்டில் முயலின் சாப்பாடு பச்சைப்புல்தான். பல் தேய்வதிலும் நாரிலும் அது உலர்புல்லுக்குச் சற்றும் குறைந்ததில்லை. தண்ணீரும் சேர்ந்தே உள்ளே போவதால் சிறுநீர்ப்பைக்கும் நல்லது. மருந்து தெளிக்காத, நாய் பூனை அசிங்கம் செய்யாத புல்தரை உங்களுக்கு இருந்தால், தினமும் கையால் அறுத்துக் கொடுக்க நேரமும் இருந்தால், இதைவிட நல்ல தீவனம் இல்லை.

இந்த இரண்டு நிபந்தனைகள்தான் பலருக்குக் கூடிவருவதில்லை. அறுத்த புல்லைக் குவித்து வைத்தால் சில மணி நேரத்தில் சூடேறிப் புளிக்கத் தொடங்கும். புல்வெட்டும் இயந்திரம் நசுக்கித் துப்பிய புல்லையும் இதனால்தான் கொடுக்கக் கூடாது. காட்டுமுயல்கள் திரியும் இடத்துப் புல் வழியே முயல் ரத்தக்கசிவு நோய் வரக்கூடும். அந்த நோய் உள்ள பகுதியில் இருப்பவர்கள் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

கீரையைப் பச்சைப்புல்லோடு ஒன்றாக எண்ண வேண்டாம். கொத்தமல்லித்தழை, புதினா, லெட்யூஸ், காரட்டின் மேல்தழை போன்றவை நல்லவைதான். ஆனால் அவை மென்மையானவை, பல்லுக்கு வேலை தராது. துணைச் சாப்பாடாக ஒரு கைப்பிடி போதும். பசலை போன்ற ஆக்சலேட் மிகுந்த கீரைகளைத் தினம் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள். புதிய தழை எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்று, கொஞ்சமாக. மறுநாள் புழுக்கையைப் பார்த்துவிட்டு அடுத்தது. காரட் கிழங்கு இனிப்புப் பண்டம் மாதிரி, விரல் நுனி அளவு போதும். வெங்காயம், பூண்டு, வெண்ணெய்ப்பழம், உருளைக்கிழங்கின் இலை, சாக்லேட் இவை கூடவே கூடாது.

எந்த வழிக்கு மாறினாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதிய தீவனத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். நான் மாற்றியபோது பெல்லட்டை இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு கரண்டி குறைத்தேன். முதல் வாரம் முயல் வெறும் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டே இருந்தது. பார்க்கப் பாவமாக இருக்கும். பெல்லட்டை மறுபடி கூட்டாமல் உலர்புல்லில் கொஞ்சம் கொத்தமல்லியைச் செருகிவையுங்கள்.

## தண்ணீர்: கிண்ணமா, பாட்டிலா?

கிண்ணம். முயல் கிண்ணத்தில் கூடுதலாகக் குடிக்கும், கூடுதலாகக் குடித்தால் வண்டல் தங்காது. கனமான மண்கிண்ணமோ பீங்கானோ வைத்தால் கவிழ்க்காது. தினமும் கழுவ வேண்டும் என்பதுதான் இதன் செலவு. கழுத்துத் தொங்குசதை ஈரமாகிப் புண்படும் முயலுக்கு மட்டும் பாட்டில் மேல். அப்போதும் முனை அடைக்காமல் சொட்டுகிறதா என்று தினமும் விரலால் தட்டிப் பாருங்கள்.

## கழிவுத் தட்டில் எதைப் பரப்புவது?

| பொருள் | ஈரம் | வாடை | முயல் கடித்துத் தின்றால் | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| செய்தித்தாள் | மேலேயே தேங்கும் | சீக்கிரம் வரும் | கொஞ்சம் தின்றால் பெரிதாக ஒன்றுமில்லை | தினம் இரண்டு தடவை மாற்ற முடிந்தவருக்கு |
| காகிதக் குருணை | நன்றாக உறிஞ்சும் | நன்கு அடங்கும் | பெரும்பாலும் கெடுதலில்லை | தூசி ஒத்துக்கொள்ளாத வீட்டுக்கு |
| சூளையில் உலர்த்திய மரக் குருணை | மிக நன்றாக | மிக நன்கு அடங்கும் | ஈரத்தில் உப்பும். தின்னும் முயலுக்கு வேண்டாம் | இரண்டு மூன்று முயல் உள்ளவருக்கு |
| பைன், தேவதாரு மரச்சீவல் | சுமார் | மரவாசனை மறைக்கும் | அதன் ஆவியே கெடுதல் | யாருக்கும் வேண்டாம் |
| வைக்கோல் | குறைவு | சீக்கிரம் வரும் | கெடுதலில்லை | குருணையின் மேல் விரிப்பாக |
| கட்டியாகும் பூனை மணல் | நன்றாக | அடங்கும் | குடலில் கட்டியாகி அடைக்கும் | யாருக்கும் வேண்டாம் |

பைன், தேவதாரு மரச்சீவலின் வாசனைதான் பலரை மயக்குகிறது. அந்த வாசனைப் பொருளே முயலின் மூச்சுக்குழலை உறுத்தும், ஈரலுக்கும் வேலை வைக்கும். குருணையாக அழுத்தும்போது அதிக வெப்பத்தில் காய்ச்சுவதால் அந்த ஆவி பெரும்பாலும் போய்விடுகிறது. அதனால் மரக் குருணைக்கு இந்தக் குறை இல்லை.

என் தேர்வு: அடியில் ஓர் அங்குலம் மரக் குருணை, மேலே ஒரு கைப்பிடி வைக்கோல், தட்டின் ஒரு முனையில் உலர்புல் குவியல். முயல் மென்றுகொண்டே புழுக்கை போடும் பிராணி. புல் எங்கே இருக்கிறதோ அங்கேயே உட்கார்ந்து இரண்டையும் முடித்துக்கொள்ளும். கழிவுப் பழக்கம் சொல்லித்தர இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. கருத்தடை செய்த முயல் இன்னும் சீக்கிரம் பழகும்; மூலைக்கு மூலை சிறுநீர் பீச்சுவதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஈரமான மூலையைத் தினமும் அள்ளுங்கள், வாரம் இருமுறை முழுவதும் மாற்றுங்கள். தட்டின் அடியில் வெள்ளையாகப் படியும் பொருக்கு கால்சியம்தான். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வெள்ளை வினிகரை ஊற்றி அரை மணி நேரம் விட்டால் நுரைத்துக் கரையும். சிறுநீரின் அம்மோனியா நெடி உங்கள் மூக்குக்கு எட்டுகிறது என்றால், தரையோடு மூக்கை வைத்திருக்கும் முயலுக்கு அது எப்போதோ எட்டியிருக்கும். அள்ளிய புழுக்கையையும் குருணையையும் செடிக்குப் போடலாம், நல்ல உரம்.

கம்பித்தரைக் கூண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கழிவு கீழே விழுந்துவிடும், சுத்தம் என்பார்கள். முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு உள்ளதுபோல மெத்தைச் சதை கிடையாது, வெறும் முடிதான். கம்பி அந்த முடியைத் தேய்த்துப் புண்ணாக்கும். பலகையோ பாயோ போட்டுவிட்டு ஒரு மூலையில் தட்டை வையுங்கள்.

## உடம்புச் சுத்தம்: குளியல், சீப்பு, இடத்தை மட்டும் கழுவுதல்

குளியல் வேண்டாம். முடி அடர்த்தியானது, சீக்கிரம் காயாது, உடம்பு வேகமாகக் குளிர்ந்துவிடும். பயத்தில் உதைத்துத் துள்ளினால் முதுகெலும்பே முறியலாம். நல்ல உடல்நிலையில் உள்ள முயல் பூனைபோலத் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குக் குளியலே தேவையில்லை.

சீப்பு தேவை. குட்டைமுடி முயலுக்கு வாரம் ஒருமுறை, முடி உதிரும் பருவத்தில் தினமும். அங்கோரா போன்ற நீள்முடி இனத்துக்கு ஆண்டு முழுக்கத் தினமும். இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள். நக்கி விழுங்கிய முடியையும் குடலில் நகர்த்துவது உலர்புல்லின் நார்தான்.

பின்பக்கம் அழுக்காகிவிட்டால் அந்த இடத்தை மட்டும் கழுவலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை இரண்டு நிமிடம் வைத்து, கட்டி இளகியதும் விரலால் பிரித்தெடுங்கள். இழுக்காதீர்கள், முயல் தோல் மெல்லியது, கிழிந்துவிடும். உடனே ஒற்றித் துடைத்து முழுக்கக் காயவையுங்கள். இது ஒரு நாளைக்கான வேலை. அடுத்த வாரமும் செய்ய வேண்டியிருந்தால் கிண்ணத்தைப் பாருங்கள், கிண்ணம் சரியாக இருந்தால் மருத்துவரிடம் எடையையும் பல்லையும் முதுகையும் காட்டுங்கள்.

வெயில் காலத்தில் தினம் இருமுறை வாலுக்கு அடியில் பார்க்க வேண்டும். அழுக்கு முடியில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வந்து சதையைத் தின்னத் தொடங்கும். ஒரு புழு கண்ணில் பட்டாலும் அன்றே மருத்துவமனைதான். உண்ணிக்கு நாய்மேல் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து முயலுக்கு நஞ்சு. வீட்டில் இருக்கிறதே என்று எடுத்து விட்டுவிடாதீர்கள்.

## உங்கள் நிலைக்கு எது?

வளர்ந்த முயல், வேலைக்குப் போகிற வீடு என்றால் உலர்புல் தடையில்லாமல், காலையில் அளந்த பெல்லட், மாலையில் ஒரு கைப்பிடி தழை, தட்டில் மரக் குருணை.

சுத்தமான புல்தரையும் நேரமும் உண்டு என்றால் பகலில் பச்சைப்புல், இரவுக்கு உலர்புல். பெல்லட்டை மிகவும் குறைத்துவிடலாம்.

வீட்டில் யாருக்காவது புல் ஒவ்வாமை இருந்தால், முயலை விட்டுக்கொடுக்கும் முன் தூசி நீக்கிய உலர்புல்லும் காகிதக் குருணையும் முயன்று பாருங்கள். காற்றோட்டமான இடத்தில் தட்டை வைத்து, புல்லைக் கையாளும் வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டால் பல வீடுகளில் சமாளிக்க முடிகிறது.

குட்டி என்றால் குதிரைமசாலும் பெல்லட்டும் தாராளமாக. ஆனால் புல்வகை உலர்புல்லும் பக்கத்திலேயே இருக்கட்டும். சின்னதில் பழகாத வாசனையை வளர்ந்தபின் ஏற்க வைப்பது கடினம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் காலையில் எழுந்ததும் தட்டைக் குனிந்து பாருங்கள். புழுக்கை பட்டாணி அளவில், ஒரே சீராக, உடைத்தால் உள்ளே புல் இழை தெரிந்தால் நீங்கள் போடுவது சரியாக இருக்கிறது. சிறுத்து, கறுத்து, ஒன்றிரண்டாகக் கிடந்தால் உலர்புல் போதவில்லை, அல்லது தண்ணீர் போதவில்லை. தட்டு வெறுமையாக இருந்து, இரவு வைத்த தீவனமும் அப்படியே கிடந்தால், மாலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாத முயலை உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.